வெருளிக்கு மூக்கு வைப்பதில்லை

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. முகத்தைத்தான் முடிக்கல்ல” என்றார் வந்தவர். கணவரின் சிநேகிதர், சித்திரம் படிப்பிக்கிறவர். வேறு ஏதோ அலுவலாக வந்து விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். சுவரோரக் கட்டின்மேல் பிள்ளைகள் செய்த கம்பி ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்லெண்ணத்தோடுதான் அப்படிச் சொன்னார். தேத்தண்ணி கொண்டுவந்த என் அம்மாவும் தன் பங்குக்குச் சொன்னார்: “முகம் கிடக்கட்டும் தம்பி, இதுகளுக்கு ஒரு வாய் சோறாவது குடுத்திருக்கலாம்.” எல்லோரும் சிரித்தோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு அந்தக் கம்பி ஆளை எடுத்து, முதுகு வெளியே தெரியும்படி திருப்பி வைத்தாள்.

அன்றிலிருந்து இந்த இரண்டு குறையும் என்னை விடுகிறதாக இல்லை. உருவம் என்றால் கண், மூக்கு, வாய் இருக்க வேண்டும். ஆள் என்றால் உடம்பில் தசை இருக்க வேண்டும். கோபுரத்தையும் தேர்ச் சிற்பத்தையும் பார்த்து வளர்ந்த எவருக்கும் இப்படித்தான் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்த ஆட்கள் எப்படி அப்படி ஆனார்கள் என்று கூடவே இருந்து பார்த்தவள் நான். பதில் இருக்கிறது என்று தெரியும், சொல்லத்தான் அன்று வாய் வரவில்லை. எழுதிப் பார்க்கிறேன்.

நீலத் தாள்

எங்கள் பக்கத்தில் சுவிஸில் ஒரு சொந்தக்காரர்கூட இல்லாத தமிழ் வீடு குறைவு. பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன், முந்தி ஒருமுறை வந்தபோது மகளின் கையில் நூறு பிராங்க் தாள் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். மாற்றாமல் பத்திரப்படுத்தி வைத்தோம். பத்திரப்படுத்திய பொருளுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எந்தப் புத்தகத்துக்குள் என்பதே மறந்துபோனது. அலுமாரி ஒதுக்கும்போது அது மறுபடி கைக்கு வந்த நேரம், அந்த வரிசைத் தாள்கள் 2021 ஏப்ரலோடு புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்டிருந்தன. சுவிஸ் தேசிய வங்கியிடம் கொண்டுபோனால் இன்றைக்கும் மாற்றித் தருவார்களாம். அதற்காக இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கிற பாண்டிருப்பிலிருந்து சூரிச்சுக்குப் போவதா? கணவருக்குக் கவலை. மகளுக்குக் கொண்டாட்டம், தாள் அவளுக்கே என்றாகிவிட்டது.

நெட்டுக்குத்தாக அச்சிட்ட நீலத் தாள் அது. ஒரு பக்கம் சுருக்கம் விழுந்த முகமும் கலைந்த தலைமயிருமாக ஒருவர். மறுபக்கம் மெலிந்த ஓர் ஆள், பல கோணத்தில், நடந்துகொண்டே இருக்கிறார். “இந்த ஆள் எங்க போறார்?” என்று மகன் கேட்டான். மகளுக்கு வேறு சந்தேகம்: “ஏன் இவர காசில போட்டிருக்காங்க?” எங்கள் தாள்களை எடுத்து வந்து பின்புறத்தைப் பார்த்தாள். அங்கேயும் ஆட்கள் இருக்கிறார்கள், நடனக்காரரும் மேளகாரரும். உடுப்பு, ஆபரணம், அசைவு என்று நிறைந்து நிற்கிறார்கள். சுவிஸ்காரரிடம் ஒன்றுமே இல்லை. உடுப்பில்லை, முகத்தில் ஒரு குறிப்பில்லை. நடை மட்டும் இருக்கிறது.

முகம் காட்டுகிறவர் அல்பேர்ட்டோ ஜியாகொமெற்றி. 1901இல் சுவிஸ் மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில் பிறந்த சிற்பி, ஓவியர் ஒருவரின் மகன். நடக்கிறவர் அவர் 1960இல் செய்த வெண்கல மனிதர். உயரம் 183 சென்ரிமீற்றர், எங்கள் வீட்டு நிலைக்கு அடியில் குனியாமல் வரலாம், அவ்வளவுதான். நியூயோர்க்கில் ஒரு வங்கியின் முற்றத்துக்காகத் தொடங்கிய வேலை. அந்தத் திட்டம் நடக்கவில்லை. அதன் வார்ப்புகளில் ஒன்று 2010இல் லண்டன் ஏலத்தில் 65 மில்லியன் பவுணுக்குப் போனது. இதைக் கேட்ட பிறகுதான் கணவர் தாளை வாங்கி மறுபடி பார்த்தார்.

பிள்ளைகளுக்கு ஏலம் பெரிதாகப் படவில்லை. அவர்களைப் பிடித்தது அவருடைய பட்டறைக் கதை. பாரிஸில் 1926இல் எடுத்த சின்ன அறை, 23 சதுர மீற்றர் அளவு. எங்கள் விறாந்தையும் குசினியும் சேர்ந்தால் அதைவிடப் பெரிது. பெயர் வந்து, காசு வந்த பிறகும் 1966இல் சாகும்வரை அதை விடவில்லை. பகலில் செய்ததை இரவில் உடைப்பார், அடுத்த நாள் திரும்பத் தொடங்குவார். ஒரு வயது இளைய தம்பி டியேகோ பக்கத்திலேயே இருந்து கம்பிக்கூடு கட்டிக் கொடுப்பார், அச்சு எடுப்பார், அண்ணனுக்கு முன்னால் மணிக்கணக்காக அசையாமல் உட்கார்ந்திருப்பார். உடைத்துவிட்டுத் திரும்பச் செய்யலாம் என்பது மகளுக்குப் பெரிய அனுமதியாகத் தெரிந்தது. வருகிற வருடம் புலமைப்பரிசில் சோதனை எழுதப்போகிற பிள்ளை, ரியூசன் கொப்பியில் ஒரு விடையை வெட்டினாலே ஏச்சு வாங்குகிற பிள்ளை. “தம்பிதான் டியேகோ” என்று அப்போதே பங்கு பிரித்துவிட்டாள். அசையாமல் உட்காரச் சொன்னதுதான் டியேகோவுக்குச் சரிவரவில்லை.

சும்மா கிடைத்த மெலிவு

இணையத்தில் தேடினால் இதற்கென்று ஒரு வழி எல்லா இடத்திலும் கிடக்கிறது. சாப்பாடு சுற்றுகிற அலுமினியத் தாளில் ஒரு கொப்பி அளவு துண்டு எடுக்க வேண்டும். மேலிருந்து இரண்டு வெட்டு, கீழிருந்து நடுவால் ஒரு வெட்டு. மேலே நடுத்துண்டு தலை, இரு பக்கத்துண்டும் கை, கீழே இரண்டும் கால். அப்படியே கசக்கி இறுக்கினால் ஆள் வந்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, செய்யவும் சுகம். ஒரு பின்னேரத்துக்குள் ஒரு படையே சேர்ந்துவிட்டது.

எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அத்தனையும் ஜியாகொமெற்றியின் ஆட்களைப் போலவே இருந்தன, அதுதான் குறை. கசக்கிய தாளுக்குக் கரடுமுரடு தானாக வரும், மெலிவும் தானாக வரும். அவர் ஆண்டுக்கணக்காகக் களிமண்ணைச் சேர்த்து, கிள்ளி, மறுபடி சேர்த்து, கத்தியால் சுரண்டி வந்து சேர்ந்த இடத்துக்கு எங்கள் வீட்டில் ஒரு வெட்டும் ஒரு கசக்கலும் போதுமானதாக இருந்தது. சாயல் சும்மா கிடைத்துவிட்டது. ஒரு கலைஞரைப் பின்பற்றிச் செய்தல் என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலைகளில் பாதி இந்த வகைதான் என்பது என் எண்ணம். சூரியகாந்தி கீறினால் வான்கோ, சதுரம் நிரப்பினால் மொன்றியான். படம் எடுத்துப் பகிர நன்றாக இருக்கும். பிள்ளை எதையும் தேடவில்லை, எதிலும் முட்டுப்படவில்லை.

சரி, கம்பிக்கு மாறினோம். ஹாட்வெயார் கடையில் கட்டுக்கம்பி ஒரு சுருள், எலும்புக்குக் கொஞ்சம் தடித்த கம்பி. கம்பி வந்ததும் முட்டுப்பாடும் வந்தது, ஆள் நிற்கமாட்டேன் என்றார். மகள் எப்போதும் தலையிலிருந்து தொடங்குகிறவள். கீறும்போதும் அப்படித்தான், தலையில் கவனமெல்லாம் போய்விடும், கால் வருகிற நேரம் தாள் முடிந்திருக்கும். கம்பியிலும் பெரிய தலை, அழகான கை, கடைசியில் மிச்சக் கம்பியில் இரண்டு கால். வைத்தால் விழும். நிமிர்த்தினால் மற்றப் பக்கம் விழும். கோபத்தில் தலையை நசுக்கிச் சின்னதாக்கினாள், கொஞ்சம் பரவாயில்லை. பாதத்தை நீட்டிப் பெரிதாக்கினாள், நின்றது. டியேகோ இதற்குள் குறுக்கு வழி கண்டுபிடித்திருந்தான். தன் ஆளின் காலை உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டிக்குள் குத்தி நிறுத்திவிட்டான்.

அந்த நேரத்தில் நீலத் தாளை எடுத்து வைத்துப் பார்க்கச் சொன்னேன். தலை சின்னது, உடம்புக்கு ஒவ்வாத பெரிய பாதம், நிலத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. “இவரும் விழுந்து விழுந்துதான் பழகியிருக்கார்” என்றாள் மகள். வெண்கலத்தில் அது வேறு காரணமாகவும் இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவள் தன் கையால் போய்ச் சேர்ந்த இடம் அது. அந்தப் பெரிய பாதங்கள் முதல்முறையாக அவளுக்கு ஒரு கெட்டித்தனமாகத் தெரிந்தன, நானும் அன்றைக்குத்தான் அந்தப் பாதங்களை ஒழுங்காகப் பார்த்தேன்.

எலும்பு நின்ற பிறகு மேலே என்ன போடுவது? பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சூடேறும், சின்னக் கைகளுக்கு வேண்டாம் என்று விட்டேன். ஈரச் சீமெந்து தோலைத் தின்னும், அதுவும் வேண்டாம். பேப்பர் கீலமும் கோதுமை மாப் பசையும் மிஞ்சின. கடலோரக் காற்றில் அது காய்வதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும், இல்லாவிட்டால் எறும்பு கண்டுபிடித்துவிடும். மெல்லிசாக ஒரு படை, வெயிலில் ஒரு காய்ச்சல், பிறகுதான் அடுத்த படை. தடிப்பாக அப்பின எல்லாம் உள்ளே புளித்து மணத்தது.

இதைத் தீர்த்து வைத்தது பக்கத்து முஸ்லிம் ஊரான மருதமுனைப் பையன் ஒருவன். மகளோடு ரியூசனில் படிக்கிறவன், வீட்டில் கைத்தறி ஓடுகிறது. தறியில் மிஞ்சுகிற நூல் கழிவை ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். கம்பி எலும்பின்மேல் நூலை இறுக்கிச் சுற்றினால் பசை பிடிக்கிறது, வழுக்குவதில்லை, எவ்வளவு தசை வேண்டும் என்பதும் கையில் இருக்கிறது. ஒரு சுற்றுக் கூட்டினால் தொடை, ஒரு சுற்று அவிழ்த்தால் மறுபடி எலும்பு. மேலே மெல்லிசாகப் பசையும் தாளும், கடைசியில் தேயிலைச் சாயமும் அடுப்புக் கரியும். அவன் தானாக ஆள் செய்யவில்லை. “விளையாட்டுச் சாமான் செய்யலாமாம், சிலை மாதிரி வைக்கிறது வேணாமாம். உம்மா சொன்னா” என்றான். வீட்டுக்கு வீடு ஒரு முறை, அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவன் கம்பியில் தோணி செய்தான், ஏணி செய்தான், பிறகு இரண்டு சில்லு வைத்த வண்டில் ஒன்று செய்தான். ஜியாகொமெற்றி 1950இல் இரண்டு பெரிய சில்லுகளின்மேல் ஒரு பெண்ணை நிறுத்திச் செய்த வெண்கலம் ஒன்று உண்டு. படத்தைக் காட்டியதும் மகள் தன் ஆளை அவன் வண்டிலில் ஏற்றப் பார்த்தாள். அச்சு கோணிப்போய் ஆள் கவிழ்ந்தார். இருவருக்கும் பெரிய வாக்குவாதம்.

கிட்டங்கி

இதுவரைக்கும் பிள்ளைகளின் ஆட்கள் மெலிவாக இருந்ததற்கு ஒரே காரணம் தாளில் இருந்தவர் மெலிவு என்பதுதான். அது மாறியது நாவிதன்வெளிக்குப் போன ஒரு நாள்.

மாமி வீட்டுக்குப் போய்வர வேண்டியிருந்தது. நற்பட்டிமுனை, சேனைக்குடியிருப்புத் தாண்டிக் கிட்டங்கிக்கு வந்தபோது உச்சி வெயில். மாரியில் வெள்ளம் மேவிப் பாயும் அந்தத் தாம்போதி, கோடையில் வெறும் நீண்ட வீதி. இரண்டு பக்கமும் வெளி, தண்ணீர், அப்பால் வயல் வட்டை. சிறுபோக வேளாண்மை சில இடத்தில் அறுத்தாயிற்று, சில இடத்தில் கதிரோடு நின்றது. முச்சக்கரவண்டி சூடாகிவிட்டது என்று சாரதி நிறுத்தினார். இறங்கி நின்றோம்.

தூரத்தில், வீதியின் மறுமுனைப் பக்கம், கறுப்பாக ஒன்று நின்றது. ஓர் ஈர்க்குக் குச்சியைக் குத்திவிட்டது போலிருந்தது. வீதிச் சூட்டில் அதன் கால்மாடு கரைந்து, உடம்பு நிலத்திலிருந்து கொஞ்சம் மேலே மிதந்தது. மகன் கண்ணைச் சுருக்கிப் பார்த்து “வெருளி” என்றான். வயலில் காகம் விரட்ட வெருளி நிற்கிற காலம், அவன் சொன்னதில் பிழையில்லை. “வெருளிய றோட்டிலயா வைப்பாங்க?” என்றாள் மகள். இருவரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது வெருளியா ஆளா என்று எனக்கும் உடனே சொல்ல முடியவில்லை. கை இருக்கிறதா தெரியவில்லை, முகம் என்று எதுவும் இல்லை. பின்னால் இருந்த வெளிச்சம் இரண்டு பக்கமும் அரித்து, உள்ளதிலும் பாதியாக்கிவிட்டிருந்தது.

பிறகு மகள் கத்தினாள்: “அம்மா, அது நடக்குது!”

ஆள் எப்போது நடக்கத் தொடங்கினார் என்று தெரியாது, ஒருவேளை முதலிலிருந்தே நடந்துகொண்டுதான் இருந்திருப்பார். அந்தக் குச்சி நடுவால் பிளந்து இரண்டு காலானது, மறுபடி சேர்ந்தது, மறுபடி பிளந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது, ஆனால் அது ஆள் என்பதில் அதற்குப் பிறகு ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கிட்ட வர வர அவருக்குத் தோள் வந்தது, கை வந்தது, தலையில் துவாய் வந்தது. எங்களைத் தாண்டும்போது பார்த்தால் நல்ல கட்டுமஸ்தான மனிதர், சாரத்தை மடித்துக் கட்டி, கையில் ஒரு மண்வெட்டி. “என்ன, வண்டி பழுதா?” என்று கேட்டுவிட்டுப் போனார். மகள் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அவர் மறுபடி மெலிகிறாரா என்று. மெலிந்தார்.

ஜியாகொமெற்றியின் வாழ்க்கையில் இதற்கு நேர் சமமான ஒரு சம்பவம் உண்டு. 1937இல் ஓர் இரவு, பாரிஸின் சென் மிஷேல் பெருவீதியில், தன் தோழி இசபெல் தூரத்தில் நிற்பதைப் பார்த்தார். சுற்றிலும் இருட்டான கட்டடங்கள், நடுவில் சின்னஞ்சிறிய உருவம். ஒரு பெண் இவ்வளவு பெரியவள் என்று நமக்குத் தெரியும், ஆனால் கண்ணுக்குத் தெரிவது அவ்வளவு பெரிதில்லை. தெரிந்ததைச் செய்வதா, தெரிவதைச் செய்வதா? அவர் தெரிவதைச் செய்யப் போனார். போரின்போது ஜெனீவாவில் ஒரு ஹோட்டல் அறையில் இருந்து செய்த உருவங்கள் அவரே பயப்படும் அளவுக்குச் சுருங்கிக்கொண்டு போயின. 1945இல் பாரிஸுக்குத் திரும்பியபோது அவற்றை நெருப்புப்பெட்டிகளில் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். நெடிய, மெலிந்த ஆட்கள் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

இந்தக் கதையை வீட்டிலேயே சொல்லியிருந்தால் பிள்ளைகள் நெருப்புப்பெட்டியை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பார்கள். திரும்பி வருகிற வழியில் சொன்னேன். மகள் உடனே கேட்டாள், “அப்ப அவரும் எங்களப் போல நின்டு பார்த்திருக்கார் என்ன?”

அன்றைக்குப் பிறகு செய்த ஆட்கள் வேறு. மெலிவு குறைந்ததா கூடியதா என்பதல்ல, செய்கிற விதம் மாறிவிட்டது. மகள் ஆளைச் செய்து சுவர்க் கட்டின்மேல் வைத்துவிட்டு, முற்றத்து வேலி மட்டும் நடந்துபோய்த் திரும்பிப் பார்ப்பாள். ஓடி வந்து ஒரு சுற்று நூலை அவிழ்ப்பாள், மறுபடி வேலிக்கு ஓடுவாள். தலையை எந்தப் பக்கம் சரித்தால் வருகிறவர், எந்தப் பக்கம் சரித்தால் போகிறவர் என்று தம்பியை வேலியடியில் நிறுத்திக் கேட்பாள். மூக்கை வைத்துப் பார்த்ததும் உண்டு. வேலியடியிலிருந்து தெரியவில்லை என்று பிய்த்துவிட்டாள். வந்தவர் முடிக்கவில்லை என்று சொன்ன முகம், வைத்துப் பார்த்து எடுத்த முகம்.

வெருளி கட்டுகிற வயல்காரரும் இதையேதான் செய்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு தடி, ஒரு பழைய சேட், தலைக்கு ஒரு பானை. வரம்பில் பின்னோக்கி நடந்துபோய்ப் பார்ப்பார், தோள் சரியில்லை என்றால் வந்து தடியைத் தட்டுவார். மூக்கு வைப்பதில்லை. அது பக்கத்தில் வந்து பார்ப்பவருக்காகச் செய்தது அல்ல. எவ்வளவு குறைவாகப் போட்டால் தூரத்திலிருந்து ஆள் என்று நம்பலாம் என்ற கணக்கு அவருக்குக் கையோடு வந்தது. பாரிஸ்காரர் அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டினார். காகம் ஏமாறினால் வயல்காரருக்குப் போதும், சிற்பி தன் கண்ணை ஏமாற்றக் கூடாது. அந்த வித்தியாசம் பெரியது, இருந்தாலும் இருவரையும் ஒரே வரம்பில் வைத்து யோசிக்க எனக்குப் பிடித்திருக்கிறது.

சோறு கொடுக்கவில்லையா?

முகத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது. அம்மாவின் கேள்விக்கு அவ்வளவு இலகுவாகப் பதில் இல்லை. கிட்டங்கிக் கதையை அம்மாவிடமும் சொன்னோம். கேட்டார், தலையாட்டினார், “தூரத்தில வாறவனும் சோறு தின்டிட்டுத்தான் வாறான்” என்றார். தொண்ணூறில் போர் மூண்டபோது இந்தக் கரையோரத்தில் இருந்தவர் அவர். மெலிந்த உடம்பு ஒன்றைப் பார்த்தால் அவருக்குத் தூரம் ஞாபகம் வராது. போருக்குப் பிந்திய ஐரோப்பாவிலும் இந்தச் சிற்பங்களைப் பார்த்த பலருக்கு நாஸி வதைமுகாம்களிலிருந்து வந்தவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். செய்தவர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை, தான் பார்ப்பதைச் செய்ய முயல்வதாகவே சொல்லி வந்தார். செய்தவர் சொல்லிவிட்டார் என்பதற்காகப் பார்க்கிறவரின் கண்ணை மாற்ற முடியாது. பிள்ளைகளிடம் எதை முதலில் சொல்வது என்பதில் மட்டும் நான் தெளிவு. போர், பசி, முகாம் என்று விளக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு ஆளைச் செய்யச் சொன்னால், எல்லா ஆளும் அழுகிற ஆளாகத்தான் வரும். முதலில் நிற்கட்டும், நடக்கட்டும். அம்மாவின் கதை வீட்டில்தான் இருக்கிறது, அது வருகிற நேரம் தானாக வரும்.

“ஏன் சுவிஸ்காரன், எங்கட பக்கத்து ஆக்கள் இல்லையா?” என்று கேட்டவர்களும் உண்டு. காசுத் தாள் வழியாக வந்தார் என்பதுதான் உண்மையான பதில். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தபடியால் இந்தியச் சிற்பி ராம்கிங்கர் பைஜின் படங்களைத் தேடி எடுத்தேன். 1938இல் சாந்திநிகேதனில் அவர் செய்த சந்தால் பழங்குடிக் குடும்பம், திறந்த வெளியில் நிற்பது. இருக்கிற சாமானைச் சுமந்துகொண்டு நாயும் கூடவர நடந்துபோகிற குடும்பம். வெண்கலத்துக்கு எங்கே போவது, சீமெந்தும் அந்த மண்ணில் கிடக்கும் செம்புறாங்கல் சரளையும் கலந்து, கம்பிக்கூட்டின்மேல் கையால் அப்பி எழுப்பினார். அங்கே மெலிவே இல்லை. தொடையும் தோளும் திரண்டு, மண்ணே எழுந்து நடக்கிறது. பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், ஒருவர் எடுத்துக்கொண்டே போகிறார், மற்றவர் சேர்த்துக்கொண்டே போகிறார். “இவர் கிட்ட நின்டு பார்த்திருக்கார்” என்றாள் மகள். எங்கள் திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர் வனவாசம் போகிற நாளில் ஊரே வீதியில் நின்று பார்க்கும், அதையும் இப்படிக் கிட்ட நின்றுதான் பார்ப்போம். அந்த வரிசையைக் களியில் செய்வது என்று தொடங்கினார்கள். தருமரும் வீமனும் முடிந்தார்கள், வீமனுக்குத்தான் களி முழுக்கப் போனது. மிச்சப் பேருக்குக் களி எடுக்கப் போகவில்லை, விடுமுறை முடிந்துவிட்டது.

இப்போது டியேகோ தனிக்கடை போட்டுவிட்டான். அவனுக்கு ஆட்கள் அலுத்துவிட்டார்கள், ஆடு வேண்டுமாம். வேலிக்கு அப்பால் கட்டியிருக்கிற ஆடு அளவு ஆடு. நான்தான் வாயைக் கொடுத்தேன், பிக்காசோ 1950இல் செய்த பெண்ணாட்டைக் காட்டி. வயிற்றுக்கு ஒரு பழைய கூடை, முதுகுக்கு ஓலை மட்டை, மடிக்கு இரண்டு மண் சாடி, எல்லாவற்றையும் பிளாஸ்டரால் பொருத்தி, பிறகு வெண்கலத்தில் வார்த்தது. இதில் எங்கள் வளவில் இல்லாதது வெண்கலம் மட்டும்தான். தென்னம்மட்டை இரண்டு தெரிவு செய்து வைத்திருக்கிறான், வளைவு சரியா என்று ஆட்டின் முதுகோடு வைத்தும் பார்த்தாயிற்று. மருதமுனைப் பையன் ஆட்டில் கை வைக்கமாட்டான், கழுத்துக் கயிறு திரித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறான். மடிக்கு எருமைத் தயிர்ச் சட்டி இரண்டு கழுவிக் கவிழ்த்திருக்கிறது. சட்டி பெரிது, அந்த மடியைத் தாங்க ஆடு இன்னும் பெரிதாக வேண்டும் என்று மகள் கணக்குச் சொல்கிறாள். அந்த வயிற்றுக்கு அளவாக வீட்டில் இருப்பது அம்மா நெல் அளக்கிற கடகம் ஒன்றுதான். கேட்டுப் பார்த்தோம். இன்னும் தரவில்லை.